சிக்கிம்: ஏழு நாளில் மாநிலம் முழுக்கப் பார்த்துவிடலாமா?

கேள்வி – 3 பிப்ரவரி 2025

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஏப்ரலில் குடும்பத்தோடு சிக்கிம் போகிறோம். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63, மகனுக்கு 9, மகளுக்கு 5. பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்குகிறோம், கையில் ஏழு நாள். ஏஜென்ட் கொடுத்த திட்டம்: முதல் நாள் காங்டாக், மறுநாள் சாங்கு ஏரியும் நாதுலா கணவாயும், மூன்றாம் நாள் லாச்சென், நான்காம் நாள் விடியற்காலை குருதோங்மார் ஏரி, அன்று இரவே லாச்சுங், ஐந்தாம் நாள் யும்தாங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுக் காங்டாக், ஆறாம் நாள் பெல்லிங், ஏழாம் நாள் விமானம். மாநிலமே 7,096 சதுர கிலோமீட்டர்தான், நம் கோவை மாவட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு, தாராளமாக முடியும் என்கிறார். முடியுமா? வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டலாமா?

4 பிப்ரவரி 2025

முடியாது. வண்டி எல்லா இடத்துக்கும் போய்விடும். அப்பாவும் அம்மாவும் ஐந்து வயதுக் குழந்தையும் அதில் உட்கார்ந்து வரவேண்டுமே, அதுதான் சிக்கல்.

சிலிகுரியில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை கிடைத்தால் நாங்கள் சிக்கிம் பக்கம்தான் ஏறுவோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மாநிலத்தைச் சதுர கிலோமீட்டரில் அளக்காதீர்கள், உயரத்தில் அளங்கள். ராங்போ செக்போஸ்ட்டில் நுழையும்போது நீங்கள் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் அளவில் இருப்பீர்கள், வியர்வை வழியும். மாநிலத்தின் மறுகோடியில் கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர். நடுவில் நேர்க்கோட்டுத் தூரம் நூறு கிலோமீட்டர்கூடக் கிடையாது. அந்த உயரத்தையெல்லாம் சாலை சுற்றிச் சுற்றித்தான் ஏறவேண்டும். எதிர் மலையில் இருக்கிற ஊரில் சமையல் புகை தெரியும், அங்கே போய்ச்சேர இரண்டு மணிநேரம் ஆகும்: ஆற்றுவரை இறங்கி, பாலம் தாண்டி, மறுபடி ஏறவேண்டும்.

உங்கள் ஏஜென்ட்டின் திட்டத்தை உயரமாக எழுதிப் பாருங்கள். காங்டாக் 1,650 மீட்டர். மறுநாள் காலையிலேயே சாங்கு ஏரி 3,750, அங்கிருந்து நாதுலா 4,310. மறுநாள் லாச்சென் 2,750, அதுவே ஆனைமுடி உச்சியைவிட உயரம். அடுத்த விடியலில் குருதோங்மார், ஐயாயிரம் மீட்டருக்கு மேலே. அங்கே மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கோவையில் கிடைப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். 68 வயதுக்காரரையும் ஐந்து வயதுக் குழந்தையையும் நான்கே நாளில் அங்கே ஏற்றுவதா? தலைவலியோடு நின்றால் அதிர்ஷ்டம். குழந்தைக்கு மூச்சு முட்டினால் சொல்லத் தெரியாது, அழும், அவ்வளவுதான்.

சாலைநேரமும் பாருங்கள். காங்டாக்கிலிருந்து லாச்சென் ஆறேழு மணிநேரம். லாச்சென்–குருதோங்மார்–லாச்சென்–லாச்சுங் என்பது விடியற்காலை நான்கு மணிக்கு ஆரம்பித்து இருட்டும்வரை ஜீப்பில் குலுங்குவது. ஏழு நாளில் ஆறு நாள் வண்டிக்குள்ளேயே கழியும்.

4 பிப்ரவரி, இரவு

நீங்களே ஓட்டுவது பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. காங்டாக், தெற்கு, மேற்குப் பக்கம் சொந்த வண்டியில் போகிறவர்கள் உண்டு. ஆனால் சாங்கு–நாதுலாவுக்கும் வடக்குக்கும் பெர்மிட் வேண்டும், அது பதிவுபெற்ற ஏஜென்ட் வழியாக, உள்ளூர் வண்டிக்குத்தான் கிடைக்கும். மற்ற இடங்களுக்கும் ஓட்டுநர் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நீலகிரியில் நன்றாக ஓட்டுகிறவர் என்றால் வளைவுகள் உங்களுக்குப் பயமில்லை. எந்த இடத்தில் நேற்றிரவு மண் சரிந்தது, எந்த ஜோராவில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்ற செய்தி ஓட்டுநர்களுக்குள்தான் ஓடும். ஜோரா என்றால் மலையோடை. சாலையின் குறுக்கே அது பாய்கிற இடங்கள் நிறைய, அங்கே பாலம் இருக்காது.

6 பிப்ரவரி 2025

"சரி, அப்படியானால் நீங்கள் எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மேற்கே திரும்பிவிடுவேன்.

பாக்டோக்ராவிலிருந்து சிலிகுரி, செவோக். செவோக்கில் மகாநந்தா சரணாலயத்தின் சால் மரக்காட்டைத் தாண்டியதும் டீஸ்டா ஆறு வலப்பக்கம் வந்து சேர்ந்துகொள்ளும். அதன்மேல் வில்போல வளைந்து நிற்கிறது கரோனேஷன் பாலம், 1937-ல் அடிக்கல் வைத்தது. நீங்கள் அதைத் தாண்டவேண்டாம், ஆற்றை வலப்பக்கம் வைத்துக்கொண்டே மேலே போகவேண்டும். வழியில் ரங்கீத் ஆறு டீஸ்டாவில் கலக்கிற இடத்தில் இரண்டு நிறமும் கொஞ்சதூரம் கலக்காமல் ஓடும். சிக்கிமின் பழங்குடிகளான லெப்சா மக்கள் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். டீஸ்டா பெண், ரங்கீத் ஆண், மலையிலிருந்து சமவெளிக்கு யார் முதலில் வருவது என்று பந்தயம். டீஸ்டாவுக்குப் பாம்பு வழிகாட்டியது, ரங்கீத்துக்குப் பறவை. பறவை இரைதேடி அங்கங்கே நின்றதால் ரங்கீத் தாமதமாக வந்து கோபித்துக்கொண்டதாம். குழந்தைகளுக்கு இதை அந்த இடத்திலேயே சொல்லுங்கள். பாம்பு போன பாதையும் பறவை பறந்த பாதையும் ஆற்றின் நெளிவில் தெரிகிறதா என்று தேடிக்கொண்டே வருவார்கள், ஒருமணி நேரத்துக்கு வாந்தி நினைவு வராது. இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும்.

மெல்லியில் ஆற்றைத் தாண்டி ரங்கீத் ஓரமாக ஜோர்தாங். முதல் நாளே காங்டாக் வரை இழுக்காமல் இங்கேயே மேற்கே திரும்புவதுதான் முக்கியம். ஜோர்தாங் பள்ளத்தாக்கில் இருக்கிற கடைத்தெரு ஊர், வெக்கையாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு சோரெங் வழியாக ஓக்ரே ஏறிவிடுங்கள். ஷெர்பா மக்களின் ஊர், ஹோம்ஸ்டே கிடைக்கும். மறுநாள் காலை ஹிலே வரை வண்டி, அங்கிருந்து வர்சே ரோடோடென்ட்ரான் சரணாலயத்துக்குள் நான்கு கிலோமீட்டர் நடை. கிட்டத்தட்டச் சமமான பாதை. அம்மா மெதுவாக நடக்கட்டும், எங்கே போதும் என்று தோன்றுகிறதோ அங்கே திரும்பட்டும். ஏப்ரலில் அந்தக் காடு முழுக்கச் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை. தரையிலும் பூ, கிளையிலும் பூ, கிளைமேல் பாசி.

அப்புறம் பெல்லிங். அங்கே இரண்டு இரவாவது தங்கவேண்டும், ஒன்று போதாது. கஞ்சன்ஜங்கா உங்கள் அவசரத்துக்கு வெளியே வராது. ஏப்ரலில் அங்கே காலை ஐந்துக்கே விடிந்துவிடும், மேகம் ஏறுவதற்குமுன் ஒன்றிரண்டு மணிநேரம்தான் கிடைக்கும். அங்கிருந்து கேச்சியோபால்ரி ஏரி, யுக்சம். யுக்சத்தில் ஓர் இரவு. பிறகு தஷிடிங், லெக்ஷிப் வழியாக ரவங்லா, டெமி தேயிலைத் தோட்டம், காங்டாக். கடைசியில் எல்லோரும் நன்றாக இருந்தால் சாங்கு ஏரி ஒரு பகல். அதற்குள் உடம்பு 3,000 மீட்டரை ஒருமுறை பார்த்திருக்கும். இல்லையென்றால் காங்டாக் எம்.ஜி. மார்க்கில் உட்கார்ந்து மோமோ சாப்பிடுங்கள், அதுவும் நல்ல நாள்தான்.

10 பிப்ரவரி 2025

திருச்சி நண்பர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "சிக்கிம் வரை போய்விட்டு குருதோங்மார் பார்க்காமல் வருவதா? நான் போனேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை."

அவருக்கு ஒன்றும் ஆகாததில் மகிழ்ச்சி. குருதோங்மார் பார்க்கத் தகாத இடம் என்று நான் சொல்லவில்லை. வழியில் தாங்கு என்கிற ஊரைத் தாண்டியதும் மரம் நின்றுபோகும், பிறகு புல்லும் நின்றுபோகும். திபெத்தியப் பீடபூமியின் ஓரத்துக்கு வந்துவிட்டோம் என்று கண்ணே சொல்லிவிடும்: பழுப்பு மண், காற்று, நடுவில் நீலமாக ஓர் ஏரி. குளிர்காலத்தில் ஏரி உறைந்தாலும் ஒரு பகுதி உறையாது. பௌத்த ஞானி குரு பத்மசம்பவர் தொட்ட இடம் அது என்று நம்பிக்கை. அந்த நிலத்தைப் பார்த்தவன் மறக்கமாட்டான்.

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் குறிப்பில் வடக்கை ஒரேயடியாக மூடிவிட்டேனோ என்று தோன்றுகிறது. எனவே பிரித்துச் சொல்கிறேன். குழந்தை இல்லாமல், இருதய நோய் இல்லாமல், வடக்குக்கு மட்டும் ஐந்து நாள் ஒதுக்கக்கூடியவர்கள் தாராளமாகப் போகலாம். முதலில் லாச்சுங்கில் தங்கி யும்தாங் போங்கள், 3,500 மீட்டர்வரை உடம்பைப் பழக்குங்கள். பிறகு லாச்சென்னில் இரண்டு இரவு. அதற்கப்புறம் ஏரி. மலைநோய்க்கு மாத்திரை உண்டு, போவதற்கு முன் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேலே போய்த் தலைவலியும் குமட்டலும் வந்தால் ஒரே மருந்து கீழே இறங்குவதுதான். "ஏரி இன்னும் அரைமணிதான்" என்று வண்டியில் யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கோவை நண்பருக்கு என் பதில் மாறவில்லை. குருதோங்மார் வேண்டாம்.

12 பிப்ரவரி 2025

கேச்சியோபால்ரி பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் இந்த மாதம்தான் ஒரு நல்ல செய்தி வந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அந்த ஏரி சேர்ந்துவிட்டது, சிக்கிமுக்கு அதுதான் முதல் ராம்சார் இடம். அதே அறிவிப்பில் நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் இருந்தன. நீர்ப்பறவைகளை எதிர்பார்க்கிற வறண்ட சீமைக் கண்மாய்களும், 1,700 மீட்டர் உயரத்தில் காட்டுக்குள் ஒளிந்த மலையேரியும் ஒரே நாளில் ஒரே பட்டியலில்! அந்த அறிவிப்போடு தமிழ்நாட்டுக்கு 20 இடங்கள், நாட்டுக்கு 89 என்று ஆனது.

ஏரியில் இலை விழுந்தால் பறவை பொறுக்கி எடுத்துவிடும் என்பார்கள். சுற்றிலும் அடர்ந்த மரங்கள், தண்ணீரில் அவ்வளவாக இலை இருக்காது, உண்மைதான். செருப்பைக் கழற்றிவிட்டு மரப்பலகைத் துறை வழியாக ஏரியோரம் போகவேண்டும். பௌத்தர், இந்து இருவருக்கும் புனிதமான தண்ணீர், யாரும் இறங்கிக் குளிப்பதில்லை. பெரும்பாலானோர் துறையில் படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து மேலே இருக்கிற குன்றுக்கு ஏறுங்கள். அங்கிருந்து பார்த்தால் ஏரி ஒரு பாதத்தின் வடிவில் தெரியும். ஓரத்தில் சதுப்பு இருப்பதும், அது மெல்ல மெல்லத் தண்ணீரைத் தின்றுகொண்டு வருவதும் அங்கிருந்துதான் புரியும்.

20 பிப்ரவரி 2025

அடையாள அட்டை: வாக்காளர் அட்டை கொண்டுபோங்கள், பான் கார்டு எடுபடாது. பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நாலைந்து. குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல். நாதுலா திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும்.

தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். 2022 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்கத் தடை. லாச்சென் ஊர்மக்கள் அதற்குப் பத்து வருடம் முன்பே தாங்களாக அதை நிறுத்திவிட்டார்கள். சுற்றுலா வண்டி ஒவ்வொன்றிலும் குப்பைப் பை இருக்கவேண்டும் என்று போன வருடம் உத்தரவே வந்திருக்கிறது. பிள்ளைகளிடம் பையைக் கொடுத்துவிடுங்கள், அவர்கள்தான் கறாராக இருப்பார்கள்.

2 மார்ச் 2025

பொள்ளாச்சி வாசகி கேட்டது அருமையான கேள்வி: "வண்டியில் மணிக்கணக்காக உட்காரும்போது பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது?"

மரத்தைக் காட்டுங்கள். சிக்கிம் சாலையில் உயரமானி தேவையில்லை, ஜன்னல் போதும். கீழே செவோக் பக்கம் சால் மரங்கள், தேக்கு, பெரிய இலைகள், கொடிகள். கொஞ்சம் ஏறியதும் சிலாவுனே, கட்டுஸ் என்று நேபாளியில் சொல்கிற மரங்கள் வரும். ஓடைப் பள்ளங்களில் உத்திஸ் மரங்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச்சொல்லுங்கள். அவற்றின் நிழலில் ஆளுயரத்துக்கு நிற்பது பெரிய ஏலக்காய், இந்தியாவிலேயே அதிகமாக விளைவது இங்கேதான். காய் செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் கொத்தாக இருக்கும். நிழல்மரம் சும்மா நிற்பதில்லை: அதன் வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன, உதிர்கிற இலை உரமாகிறது. உரமூட்டை இல்லாத விவசாயம் அந்த மக்களுக்குப் புதுசில்லை. 2016-ல் முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவித்தபோது வெளியூர்க்காரர்கள்தான் ஆச்சரியப்பட்டார்கள்.

2,000 மீட்டர் தாண்டினால் ஓக், மக்னோலியா. மக்னோலியா இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும், மார்ச்சில் மலைச்சரிவில் அங்கங்கே வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி தெரியும். கிளைகளெல்லாம் பாசி, பாசிக்குள் ஆர்க்கிட். இன்னும் மேலே ரோடோடென்ட்ரான், ஃபர் மரங்கள். அதற்கும் மேலே ஜூனிப்பர் புதர். அப்புறம் வெறும் கல்.

நீலகிரிக்காரர்கள் வர்சேயில் ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டும். அங்கே சிவப்பாகப் பூக்கிற மரத்தின் நெருங்கிய சொந்தம்தான் நம் சோலைக்காடுகளின் ஓரத்தில் நிற்கிற காட்டுப்பூவரசு. அதே இனத்தின் தெற்கத்திக் கிளை. இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்த மரத்துக்கு இடமே இல்லை. இந்தியா இன்னும் குளிராக இருந்த பழங்காலத்தில் இரண்டு கூட்டமும் தொடர்பில் இருந்திருக்கவேண்டும் என்று தாவரவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். அவலாஞ்சியில் அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வர்சேயில் முதன்முதலாகப் பார்த்தபோது ஊர்க்காரரைச் சந்தித்த சந்தோஷம்.

5 மார்ச் 2025

சாப்பாடு. அப்பா அம்மா சைவம் என்றீர்கள். கவலைப்படவேண்டாம், பருப்பு–சோறு–கீரை எந்த ஹோம்ஸ்டேயிலும் கிடைக்கும். புளிக்கவைத்துக் காயவைத்த கீரையில் குந்த்ருக் சூப் வைப்பார்கள், நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும். கினேமா சோயாவைப் புளிக்கவைத்தது, வாசனை கொஞ்சம் அழுத்தம், முதலில் சிறிது கேட்டு வாங்குங்கள். தல்லே மிளகாய் உருண்டையாக, சிவப்பாக, பார்க்க இலந்தைப்பழம்போல இருக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஊறுகாய் வாங்கிக்கொண்டு வாருங்கள், தயிர்சாதத்துக்கு ஈடு இணையில்லை. 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய் அது.

18 மார்ச் 2025

இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். "சாலையோரம் ஆறு ஏன் இவ்வளவு சாம்பலாக, அகலமாக இருக்கிறது? பழைய படங்களில் பச்சையாக இருக்குமே" என்று பெங்களூரு நண்பர் கேட்டதால் எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 3 இரவு. வடக்கே ஐயாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற தெற்கு லோனாக் பனியேரியில் கரைச்சரிவு ஒன்று உடைந்து விழுந்தது. ஏரி பொங்கி, கரையை அறுத்துக்கொண்டு கீழே பாய்ந்தது. லாச்சென் ஆறும் லாச்சுங் ஆறும் கூடுகிற சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்நிலையத்தின் அணை. 2017-ல்தான் மின்சாரம் தர ஆரம்பித்தது. அந்த அணை இருந்த இடம் தெரியாமல் போனது. அணை தேக்கிவைத்திருந்த தண்ணீரும் வெள்ளத்தோடு சேர்ந்துகொண்டது. விடிவதற்குள் சிங்தாமிலும் ராங்போவிலும் வீடுகளின் கீழ்த்தளம் சேற்றுக்குள். பாலங்கள் வரிசையாகப் போயின. உயிரிழந்தவர்களில் ராணுவ வீரர்களும் உண்டு.

அந்த வெள்ளம் கொண்டுவந்த மணலும் கல்லும் இன்னும் ஆற்றுக்குள்தான் கிடக்கின்றன. படுகை மேடாகிவிட்டது. அதனால்தான் ஆறு அகலமாகத் தெரிகிறது. முன்பு சாலைக்கு வெகு கீழே ஓடிய தண்ணீர், இப்போது பலத்த மழை பெய்தால் டீஸ்டா பஜார் பக்கம் சாலைமேலேயே வருகிறது. சிலிகுரியிலிருந்து காங்டாக் போகிற தேசிய நெடுஞ்சாலை 10 அடிக்கடி அடைபடுவதற்கு மண்சரிவு ஒரு காரணம், அடியை அரிக்கிற ஆறு இன்னொரு காரணம்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அணை வேண்டாம் என்று முன்பே சொன்னவர்கள் இருந்தார்கள். யுக்சம் பக்கத்து ராதோங் ஆற்றில் வரவிருந்த மின்திட்டத்தை மக்கள் எதிர்த்து நின்று 1997-ல் கைவிடவைத்தார்கள். 2007-ல் சோங்கு பகுதி லெப்சா இளைஞர்கள் டீஸ்டா அணைகளுக்கு எதிராகக் காங்டாக்கில் மாதக்கணக்கில் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள், சோங்குக்குள் சில திட்டங்கள் ரத்தாகின. ஆனால் சுங்தாங் அணை எழுந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பாறை உறுதியில்லாதது, கையால் உரித்தால் ஏடு ஏடாக வருகிற கல்வகை. அதற்குமேல் நிலநடுக்கப் பகுதி. இங்கே போகிறவர்கள் அருவியைப் பார்ப்பதுபோல இந்த ஆற்றையும் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். யுக்சத்தில் ராதோங் ஓடுகிற சத்தம் கேட்கும்போது, அது ஓடிக்கொண்டிருக்கக் காரணமானவர்கள் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

19 மார்ச் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "பயணத்தை ரத்து செய்யட்டுமா?" என்று கோவை நண்பர் கேட்கிறார். ஐயோ, வேண்டாம். உங்கள் வழி ரங்கீத் ஓரமாகவும் மேற்குச் சரிவிலும்தான் பெரும்பாலும் போகிறது. ஏப்ரல் முதல் பாதி நல்ல காலம். மதியத்துக்குமேல் இடிமழை வரலாம், அதனால் காலை ஆறரைக்குக் கிளம்பி மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். திரும்பும் நாளில் மட்டும் விமானத்துக்கும் சாலைக்கும் நடுவே நிறைய இடைவெளி விடுங்கள், முடிந்தால் கடைசி இரவைச் சிலிகுரியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நாளை எங்கிருந்தாவது எடுக்கவேண்டும் என்றால் காங்டாக்கிலிருந்து எடுங்கள்.

1 ஏப்ரல் 2025

ஷேர் ஜீப்பில் போகலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தனியாகவோ இருவராகவோ போனால் அதுதான் நல்லது. ஜோர்தாங் ஸ்டாண்டில் காலையில் போய் டிக்கெட் எடுத்தால் பெல்லிங், யுக்சம், சோரெங் எல்லா ஊருக்கும் வண்டி உண்டு. மதியத்துக்குமேல் குறைந்துவிடும். முன்சீட் கேளுங்கள், பின்சீட்டில் முழங்கால் காதைத் தொடும். பக்கத்தில் கோழிக்குஞ்சுக் கூடையோடு ஒரு பாட்டி உட்காருவார், ஊர்க்கதையெல்லாம் சொல்லுவார். ஓட்டுநர் மூத்தவர் என்றால் "தாய்" என்று கூப்பிடுங்கள், நேபாளியில் அண்ணன். இளையவர் என்றால் "பாய்".

22 ஏப்ரல் 2025

கோவை நண்பர் திரும்பிவிட்டார்! அவர் எழுதியதிலிருந்து: "அப்பா வர்சேயில் குராஸ் குஞ்ச் விடுதி வரை முழுதும் நடந்தார். நாங்கள்தான் பின்தங்கினோம். பெல்லிங்கில் முதல் காலை வெறும் மேகம். இரண்டாம் நாள் அம்மா எல்லோரையும் எழுப்பினார். மலை முழுசாக நின்றது, யாரும் பேசவில்லை. சாங்கு போகவில்லை, மகளுக்கு லேசான சளி. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை, யுக்சத்தில் ஹோம்ஸ்டே நாய்க்குட்டியை விட்டு வரத்தான் அழுதாள்."

ஒரு விஷயத்தில் அவர் என்னிடம் மாறுபடுகிறார். ரவங்லாவில் தங்கியிருக்கவேண்டும், வெறுமனே கடந்துபோகிற இடமில்லை என்கிறார். மைனாம் காட்டைப் பார்த்தபடி ஒரு மாலை உட்கார்ந்தாலே போதும் என்று எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். அவர் ஒருநாள் கூடுதலாக எடுத்திருந்தால் அங்கேதான் வைத்திருப்பேன்.

27 ஏப்ரல் 2025

வடக்கிலிருந்து கவலையான செய்தி. மழை, மண்சரிவு. லாச்சென் சாலையும் லாச்சுங் சாலையும் அடைபட்டு நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் அங்கேயே நிற்கவேண்டியதாகிவிட்டது. கீழே இறக்குகிற வேலை நடக்கிறது. அங்கே சிக்கியவர்களின் சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: லாச்சென், லாச்சுங் மக்கள் விருந்தினரைப் பட்டினி போடுகிறவர்கள் இல்லை. தொலைபேசி எடுக்காததற்குப் பெரும்பாலும் செல்போன் கோபுரம் வேலை செய்யாததுதான் காரணம்.

மே மாதம் வடக்குக்குப் பதிவு செய்திருப்பவர்கள் ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சாலை மூடினால் அதே பணத்தில் மேற்குக்கு மாற்றித்தருவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். இப்படிக் கேட்காமல் முன்பணம் முழுவதையும் இழந்து சிலிகுரி ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

17 மே 2025

நேற்றோடு சிக்கிம் இந்தியாவின் மாநிலமாகி 50 வருடம். 1975 மே 16. யுக்சத்தில் 1642-ல் முதல் சோக்யாலுக்கு, அதாவது சிக்கிம் ராஜாவுக்கு, முடிசூட்டிய கல்லிருக்கை இன்னும் இருக்கிறது, பக்கத்தில் ஒரு மாபெரும் மரம். கோவை நண்பரின் மகன் அதன்முன் நின்று எடுத்த படம் அனுப்பியிருக்கிறான். "ராஜா இவ்வளவு சின்ன இடத்திலா உட்கார்ந்தார்?" என்று கேட்டானாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். அருவிகள் நன்றாக இருக்கும் என்பது உண்மை. அந்த அருவிகள் பாதி சாலைமேல்தான் விழும்.

18 மே 2025

அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ போக நினைக்கிறவர்களுக்கு, கேட்டபடி. வானம் தெளிந்து மலை நாள்முழுக்கத் தெரிகிற காலம் அதுதான். வர்சேயில் பூ இருக்காது, அதற்குப் பதிலாக நவம்பரில் டெமி தேயிலைத் தோட்டத்தில் செர்ரி மரங்கள் பூத்திருக்கும். 1969-ல் அரசு ஆரம்பித்த தோட்டம், சரிவில் இறங்கி நடக்க விடுவார்கள். நெடுஞ்சாலை 10 மூடியிருந்தால் பயப்படாதீர்கள். செவோக்கில் கரோனேஷன் பாலத்தைத் தாண்டி, பாக்ராகோட், லாவா, அல்காரா, ரெஷி, பாக்யோங் வழியாகக் காங்டாக் போகிற நெடுஞ்சாலை 717ஏ இருக்கிறது. நேரம் கூடும். ஆனால் லாவா பக்கம் காடு அடர்த்தியானது, மூடுபனிக்குள் வண்டி மெதுவாகத்தான் போகமுடியும், அதற்காகவே ஒருமுறை அந்த வழியில் போகலாம். காலையில் சிலிகுரியில் டீ குடிக்கும்போதே எந்த வழி என்று ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். அவர் முந்தின நாள் இரவே யாரிடமாவது விசாரித்து வைத்திருப்பார்.